துப்பாக்கியும் திறவுகோலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை பெற்ற அயல்நாட்டவர் ஒருவர், அந்நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. வாக்களித்தால் அது குற்றம். ஆனால், அதே மனிதர் கடைக்குச் சென்று, படிவம் ஒன்றை நிரப்பி, கைத்துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். அது குற்றமன்று. வாக்குச் சீட்டைத் தர மறுக்கும் நாடு துப்பாக்கியைத் தர மறுப்பதில்லை! இந்த விந்தையைக் கண்டு நகைத்துவிட்டு நகர்ந்து செல்ல நம்மால் இயலவில்லை.

ஏன் இயலவில்லை? அந்தக் கருவி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிடுவதில்லை. பிள்ளைகள் உறங்கும் வீட்டிற்குள் வந்துவிடுகிறது. டெக்சாசிலும் நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் வேரூன்றி வாழ்வோருள் நம் ஊர்களிலிருந்து சென்றவர்களும் உளர். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தக்க நாட்டில் பிறந்தவர்கள் இவர்கள். காவலரின் தோளிலும் வங்கி வாயிற்காப்போரின் கையிலும் அன்றி வேறெங்கும் அதனைக் கண்டறியாதவர்களே இவர்களுள் மிகப் பலர். அத்தகையோர் கையில் திடீரென்று ஓர் உரிமை வந்து விழுகிறது. அந்த உரிமையோடு வரவேண்டிய அறிவு வந்ததா? அதுவே நம் கேள்வி.

இப்பொருள் பற்றி அங்கே இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. "வந்து குடியேறியவனுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்கிறது ஒன்று. "உரிமை இருக்கிறது, வாங்கு, குண்டு நிரப்பு, தலையணைக்கடியில் வை" என்கிறது மற்றொன்று. முன்னதில் வெறுப்பு இருக்கிறது; பின்னதில் வணிகம் இருக்கிறது. இரண்டையும் நாம் மறுக்கிறோம். உரிமையை மறுப்பது அநீதி. பூட்டை மறுப்பது பேதைமை. உரிமையைக் கேட்கும் வாய், பூட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதே நம் கட்சி.

சட்டம் கூறுவது என்ன?

1968-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியற்றோர் யாவர் என்று கூட்டாட்சிச் சட்டம் ஒரு பட்டியலையே வகுத்திருக்கிறது. கொடுங்குற்றம் புரிந்து தண்டனை பெற்றோர், சட்டப்படியான அனுமதியின்றி அந்நாட்டில் தங்கியிருப்போர் ஆகியோர் அதில் அடங்குவர். 1998-இல் மற்றொரு வகையினரும் சேர்க்கப்பட்டனர். மாணவராகவோ, சுற்றுலாப் பயணியாகவோ, குறிப்பிட்ட கால வேலைக்காகவோ விசா பெற்று வந்தவர்கள் அவர்கள். வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் இவர்களுக்கு உண்டு. எனினும் பொது விதி தடைதான்.

நிரந்தரக் குடியுரிமையாளர், அதாவது மக்கள் வழக்கில் கிரீன் கார்டு பெற்றவர், இப்பட்டியலில் இல்லை. அவர் 4473 என்னும் எண்ணுடைய படிவத்தில் தம் நாட்டையும் குடிவரவுத் துறை தமக்கு வழங்கிய எண்ணையும் எழுத வேண்டும். கடைக்காரர், 1998 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள உடனடிப் பின்புலச் சோதனைக்கு அவ்விவரங்களை அனுப்புவார். தடையேதும் இல்லையெனில் விற்பனை நடைபெறும். ஒரே மாநிலத்தில் 90 நாட்கள் தொடர்ந்து வசித்ததாக அயல்நாட்டவர் மட்டும் மெய்ப்பிக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. 2012-இல் அதுவும் நீங்கியது. மாநிலங்கள் தத்தம் அளவில் உரிமம், பயிற்சி, காத்திருப்புக் காலம் என்று கூடுதல் நிபந்தனைகள் விதிப்பதுண்டு. அவை இடத்திற்கு இடம் மாறுபடும்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கருத்திலிருத்த வேண்டும். கிரீன் கார்டு உடையவருக்கு உள்ள உரிமை, அவர் வீட்டில் தங்கும் எல்லோருக்கும் உள்ள உரிமை ஆகாது. மாணவர் விசாவில் வந்திருக்கும் தம்பி மகனுக்கு அது இல்லை. வேலை விசாவில் உள்ள மைத்துனருக்கும் இல்லை. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த தாய் தந்தையருக்கும் இல்லை. சட்டம் தடுப்பது விலைக்கு வாங்குவதை மட்டுமன்று. வைத்திருப்பதையும் சேர்த்தே தடுக்கிறது.

ரிஹாய்ஃப் என்பவரின் வழக்கு இதற்குச் சான்று. ஐக்கிய அரபு நாடுகளிலிருந்து புளோரிடாவுக்குப் படிக்க வந்த இளைஞர் அவர். பல்கலைக்கழகம் அவரை நீக்கியது; விசாவும் செயலிழந்தது. அதன் பின் ஒரு நாள், குறிபார்த்துச் சுடும் பயிற்சிக் கூடத்திற்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகினார். யாரையும் அவர் காயப்படுத்தவில்லை. ஆயினும் 18 மாதச் சிறைத் தண்டனை! தம் குடிவரவு நிலை இன்னதென்று அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அத்தண்டனையைத் தள்ளியது. அதற்குள் அவர் பட்ட பாட்டைத் திரும்பப் பெற முடியுமா? 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், இவ்வகைக் குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையை 15 ஆண்டுகளாக உயர்த்தியும்விட்டது. வீட்டிலுள்ள துப்பாக்கியைக் கையிலேந்திப் படம் எடுத்துக்கொள்ளத் துடிக்கும் மருமகனுக்கு மாமன் செய்யக்கூடிய பேருதவி, பெட்டகத்தைப் பூட்டி வைப்பதே.

பழைய பகை

"குடியேறியவனுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்னும் குரல் நேற்றுத் தோன்றியதன்று. 1909-இல் பென்சில்வேனியா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அயல்நாட்டில் பிறந்து இன்னும் குடிமகன் ஆகாதவர் எவரும் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடலாகாது; அதன் பொருட்டுச் சுழல்குழலிட்ட நீள்துப்பாக்கியோ சிதறுகுண்டுத் துப்பாக்கியோ வைத்திருக்கலாகாது என்றது அச்சட்டம். இத்தாலியர் ஒருவர் அதனை எதிர்த்து வழக்காடினார். பாட்சோன் வழக்கு என்று அதற்குப் பெயர். 1914-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே நின்றது. தீங்கு எவ்வகையினரிடமிருந்து வருகிறது என்று கணிக்கும் உரிமை மாநிலத்திற்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பை எழுதியவர் பெரும் நீதியரசரென்று போற்றப்படும் ஹோம்ஸ்!

அச்சட்டம் கைத்துப்பாக்கியைத் தொடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மனிதனை வீழ்த்தும் கருவிக்குத் தடையில்லை. முயலை வீழ்த்தும் கருவிக்குத் தடை. அது மக்களைக் காக்க வந்த சட்டமா? துப்பாக்கியை எங்கே வைத்திருக்கிறாய், எப்படிப் பூட்டியிருக்கிறாய் என்று அது கேட்கவில்லை. நீ எங்கே பிறந்தாய் என்று மட்டுமே கேட்டது. பாதுகாப்பின் கேள்வி வேறு, பகையின் கேள்வி வேறு என்பதை இதனினும் தெளிவாக எவர் காட்ட இயலும்?

கலிபோர்னியாவும் 1923-இல், குடிமகன் அல்லாதவர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. 1972-இல்தான் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மாசச்சூசெட்ஸ் மாநிலம் நிரந்தரக் குடியுரிமையாளருக்குக் கைத்துப்பாக்கி உரிமம் வழங்க மறுத்து வந்தது. 2012-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. சட்டப்படி வாழ்ந்து, வரி செலுத்தி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருவரைப் பிறந்த மண்ணைக் காட்டிச் சந்தேகிப்பது நீதியன்று. அந்த வழக்குகளில் வென்றவர்கள் நியாயத்தையே வென்றார்கள். அதில் நமக்கு ஐயமில்லை.

அச்சம் பொய்யன்று

குடியேறியோர் ஏன் துப்பாக்கியை நாடுகின்றனர்? அச்சத்தால். அந்த அச்சம் கற்பனையன்று. 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனா மாநிலத்து மேசா நகரில், தம் பெட்ரோல் நிலையத்தின் முன் நின்றிருந்த சீக்கியரான பல்பீர் சிங் சோதியை ஒருவன் சுட்டுக் கொன்றான். நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்த நான்காம் நாள் அது. தலைப்பாகையும் தாடியுமே அக்கொலைக்குக் காரணமாயின. 2012 ஆகஸ்டு 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்து ஓக் கிரீக் குருத்துவாராவில் வழிபாட்டுக்கு வந்தோர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று அறுவர் மாண்டனர். இவற்றை அறிந்த ஒருவர், இரவில் கடையை அடைக்கும்போது நெஞ்சம் படபடக்க நிற்பாரானால், அவரைக் கோழை என்று எள்ளி நகையாட நாம் ஒருபோதும் துணியோம்.

1992 ஏப்ரல் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பற்றி எரிந்தபோது, கொரியாவிலிருந்து வந்து குடியேறிய கடைக்காரர்கள் காவலரை அழைத்தனர். காவலர் வரவில்லை. அவர்கள் துப்பாக்கியேந்திக் கடைகளின் கூரைமீது நின்றனர். அந்தப் படங்களை இன்றும் துப்பாக்கி அன்பர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால், அதே நாட்களில் கடைகளைக் காக்கப் புறப்பட்ட 18 வயதுக் கொரிய இளைஞர் ஒருவர், கொள்ளையர் என்று தவறாகக் கருதப்பட்டுத் தம் இனத்தவரின் குண்டுக்கே இரையானார். அந்தச் செய்தியைச் சொல்வோர் சிலரே. கூரைமேல் நின்றவர்களின் துணிவை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்தத் தாயின் கண்ணீரை மறைத்துவிட்டுத் துணிவை மட்டும் விலை பேசுவது எவ்வகை அறம்?

குண்டு எங்கே பாய்கிறது?

இனி எண்களைப் பார்ப்போம். எண்களுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 46,728 பேர். அவர்களுள் கொலையுண்டோர் 17,927 பேர். தற்கொலை செய்துகொண்டோர் 27,300 பேர்! கள்வனைச் சுட வாங்கிய கருவிகள் நிறைந்த நாட்டில், துப்பாக்கிச் சாவுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை தன்னைத் தானே சுட்டுக்கொண்ட சாவுகள்.

"எங்கள் குடும்பத்தில் அத்தகைய எண்ணம் எவருக்கும் வராது" என்பார் உளர். குடியேறிய குடும்பங்களில் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்கலாம். மானம் கருதிச் சொல்லப்படும் சொல் இது. மெய் கருதிச் சொல்லப்படுவதன்று. தேர்வில் தோற்ற மகனும், வேலையிழந்து விசா நாட்களை எண்ணும் தமையனும், மொழி தெரியாத ஊரில் நான்கு சுவர்களுக்குள் பகலைக் கழிக்கும் முதிய தந்தையும் நம் வீடுகளில் இல்லையா? மனச்சோர்வை நோயென்று சொல்லக் கூசுகிறோம். சொல்லாத நோய் இல்லாத நோய் ஆகிவிடுமா?

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளம் வயதினரிடம் ஆய்வாளர்கள் வினவினர். அந்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றோர் ஏறத்தாழ நான்கில் ஒருவர். ஐந்து நிமிடம்! அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் ஓர் உயிர் முடிவெடுத்துவிடுகிறது. நஞ்சோ மாத்திரையோ உட்கொண்டோருள் மிகப் பலரை மருத்துவர் மீட்டுவிடுவர். துப்பாக்கியை எடுத்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் மீள்வதில்லை. அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்திவிடக் கூடியது எது? அறிவுரையன்று, அதற்கு நேரமில்லை. பூட்டுதான் கடத்தும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "என் பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்குமிடம் தெரியாது" என்று பெற்றோர் உறுதி கூறுவர். அலபாமா மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே வினவியது. 2006-இல் அது வெளிவந்தது. தெரியாது என்று சொன்ன பெற்றோருள் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள், தெரியும் என்றனர். தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோருள் 22 விழுக்காட்டினரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றனர். பண்டிகைக்கு வாங்கி வைத்த இனிப்பை எந்த அலமாரியில் ஒளித்தாலும் கண்டுபிடிக்கும் பிள்ளை, துப்பாக்கியை மட்டும் கண்டுபிடிக்காது என்று நம்புவது எப்படி? ஒளித்து வைத்தல் வேறு, பூட்டி வைத்தல் வேறு.

2023 சனவரி 6 அன்று, வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரில், தாயின் கைத்துப்பாக்கியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று ஆசிரியையைச் சுட்ட சிறுவனின் வயது 6. பள்ளிகளில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க அரசு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, துப்பாக்கி எடுத்துச் சென்றவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் அதனைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ பெற்றனர் என்கிறது. 2020 முதல், அந்நாட்டுச் சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் சாவு வரும் வழிகளுள் துப்பாக்கி முதலிடத்தைப் பிடித்தது. சாலை விபத்தையும் அது முந்திவிட்டது.

"பூட்டிய துப்பாக்கி பயனற்றது"

துப்பாக்கி வணிகர் கூட்டம் இங்கே ஒரு வாதத்தை முன்வைக்கிறது. கள்வன் கதவை உடைக்கும்போது பெட்டகத்தின் திறவுகோலைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்பது அது. கேட்பதற்கு வலிமையான வாதம். ஆராய்ந்தால் உள்ளீடற்றது.

முதலாவதாக, எண்களை அழுத்தியோ விரல் ரேகையை வைத்தோ சில நொடிகளில் திறக்கத்தக்க பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. பூட்டையும் விரைவையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவது பழங்கதை. இரண்டாவதாக, எந்த ஆபத்து அடிக்கடி வருகிறதோ அதற்குத்தான் முதற்காப்பு வேண்டும். கள்வன் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளைகள் நாள்தோறும் வீட்டில் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பல இலட்சம் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியாயிற்று. கைத்துப்பாக்கி உடையவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ணும் விகிதம், துப்பாக்கியில்லாத வீட்டில் வாழ்வோரைவிட இரு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. காப்பதற்கென்று வாங்கியது யாரைக் காத்தது?

மூன்றாவதாக, பூட்டு பயன் தருகிறது என்பது ஆராய்ந்து காணப்பட்ட உண்மை. துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், குண்டு நிரப்பாமல் வைத்தல், குண்டுகளைத் தனியே வைத்தல், அவற்றையும் பூட்டி வைத்தல் ஆகிய நான்கு வழக்கங்களுள் ஒவ்வொன்றும் இளையோரின் தற்கொலையும் விபத்தும் குறைந்திருப்பதோடு தொடர்புடையது என்று 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டிற்று.

"பூட்டச் சொல்வதே அரசமைப்புக்கு முரண், 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று வாதிடுவோரும் உளர். ஹெல்லர் வழக்கையே அவர்கள் சுட்டுகின்றனர். தலைநகர் வாஷிங்டனில் வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசையைப் பூட்டியோ வைத்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை நீதிமன்றம் நீக்கியது உண்மை. தற்காப்புக்காகக்கூட அதைத் திறக்க இடந்தரவில்லை என்பதே நீக்கியதற்குக் காரணம். விபத்தைத் தடுக்கும் பொருட்டுத் துப்பாக்கிகளை வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தும் சட்டங்களைத் தன் தீர்ப்பு குலைக்கவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. பாதித் தீர்ப்பைப் படித்துவிட்டு முழு உரிமை கொண்டாடுவது முறையா?

கூட்டாட்சிச் சட்டமும் இதில் குறையுடையதே. 2005-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ பாதுகாப்புக் கருவியோ சேர்த்துத் தர வேண்டும். ஆனால், வாங்கியவர் அந்தப் பூட்டை மாட்ட வேண்டும் என்று வற்புறுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை! குடை கொடுத்துவிட்டு மழையில் விரிக்க வேண்டியதில்லை என்று சொல்வது போன்றது இது. 1989-இல் புளோரிடா மாநிலம், சிறுவர் கைக்கு எட்டும்படி துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கி வழிகாட்டிற்று. பின்னர் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதேனும் ஒரு வகையில் அவ்வழி சென்றுள்ளன. எஞ்சியவை இன்னும் செல்லவில்லை.

உரிமை சமம், தண்டனை சமமன்று

இப்போது நாம் சொல்லப்போவதைக் கிரீன் கார்டு உடைய ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை வாங்கும்போது அவரும் குடிமகனும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கின்றனர். தவறு நேரும்போது ஒரே தட்டில் நிற்பதில்லை.

குடிவரவுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. துப்பாக்கியை விற்றல், வாங்கல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லல், பயன்படுத்தல் ஆகியவற்றில் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்ற அயல்நாட்டவர் நாடுகடத்தப்படத் தக்கவர் என்கிறது அது. குடியேறி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அப்பிரிவு பார்ப்பதில்லை. குழந்தையைத் துன்புறுத்தல், புறக்கணித்தல் ஆகிய குற்றங்களுக்கும் நாடுகடத்தல் உண்டு. குழந்தைக்கு உண்மையில் காயம் நேராவிடினும், ஆபத்துக்கு உள்ளாக்கியதே இதில் அடங்கலாம் என்று 2010-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. வேறு விதமாகக் கண்ட நீதிமன்றமும் உண்டு. ஆயினும் வழக்கறிஞர்கள் அதனை வாதிட்டு முடிக்கும்வரை அந்தக் குடும்பத்திற்கு உறக்கம் ஏது?

மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஊர். 2021 நவம்பர் 30 அன்று, 15 வயது மாணவன் பள்ளியில் நான்கு மாணவரைச் சுட்டுக் கொன்றான். நான்கு நாட்களுக்கு முன் அவன் தந்தை வாங்கிய துப்பாக்கி அது. 2024 ஏப்ரலில் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 10 முதல் 15 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளையின் பள்ளிக் கொலைகளுக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை. அதே ஆண்டு பிப்ரவரியில் அம்மாநிலத்தில் பூட்டி வைக்கும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. குடிமகனாயிருப்பின் தண்டனை சிறையோடு முடியும். குடியேறியவராயின், சிறை வாயிலிலேயே குடிவரவு அதிகாரி காத்திருக்கக் கூடும்.

இந்த ஏற்றத்தாழ்வை நாம் கண்டிக்கிறோம். ஒரே தவற்றுக்கு ஒருவருக்கு அபராதம், மற்றொருவருக்கு வாழ்ந்த வீட்டையும் பெற்ற பிள்ளைகளையும் பிரிதல் என்பது எவ்வகை நீதி? படில்லா என்பவர் 40 ஆண்டுகளுக்கு மேல் நிரந்தரக் குடியுரிமையாளராய் வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். "இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டீர், குடிவரவு பற்றிய கவலை வேண்டாம்" என்ற வழக்கறிஞரின் சொல்லை நம்பிப் போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் எதிரே வந்து நின்றது. குற்றத்தை ஒப்புமுன் குடிவரவு விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துரைப்பது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று. இந்தச் சட்டங்களை மாற்ற வாக்களிக்கும் உரிமையும் குடியேறியவருக்கு இல்லை. வாக்களிக்கும் குடிமக்களே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

செய்ய வேண்டியது

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கலாகாது. வீட்டிலுள்ள பூட்டு எந்தச் சட்டமன்றத்தின் அனுமதிக்கும் காத்திருப்பதில்லை.

முதற்கண், வாங்குமுன் எண்ணுக. வீட்டில் மனச்சோர்வுற்றவர் இருப்பின், சிறு பிள்ளைகள் இருப்பின், துப்பாக்கியில்லாத வீடே பாதுகாப்பான வீடு. உரிமை உண்டு என்பதற்காக அதனைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பதில்லை. வாங்காமலிருப்பதும் உரிமையே.

வாங்கினால், குண்டு நிரப்பாமல் பூட்டுக. குண்டுகளை வேறிடத்தில் பூட்டுக. திறவுகோலை வீட்டிலுள்ளோர் அறியும் ஆணியில் தொங்கவிடற்க. பூட்டின் எண்ணாகப் பிள்ளையின் பிறந்த நாளை வைக்கற்க. பெட்டகம் வாங்கப் பணமில்லை என்பார்க்கு, பல ஊர்களில் காவல் நிலையங்களே கம்பிவடப் பூட்டை இலவசமாகத் தருகின்றன. தாயகத்திற்கு விடுமுறையில் செல்லும்போது துப்பாக்கி எங்கே இருக்கும், திறவுகோல் யாரிடம் இருக்கும் என்பதைப் புறப்படுமுன் தீர்மானிக்க வேண்டும். விசாவில் வந்த விருந்தினர் கையில் அதனை ஒரு கணமும் தரலாகாது. மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தால், அவ்விடத்துச் சட்டத்தை முதலில் அறிய வேண்டும். வழக்கென்று ஒன்று வந்துவிட்டால், குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேளாமல் எதனையும் ஒப்புக்கொள்ளலாகாது.

சங்கங்களுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறீர்கள். வரிக் கணக்கு எழுதப் பாடம் நடத்துகிறீர்கள். துப்பாக்கிப் பூட்டைப் பற்றி ஒரு மாலைப் பொழுது பேசினால் என்ன? பிள்ளையை விளையாட அனுப்புமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டியிருக்கிறதா?" என்று கேட்பதை ஒரு தாய் அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை, கேட்கப்படுபவரும் அவ்வாறு கருத வேண்டியதில்லை. நாய் கட்டியிருக்கிறதா என்று கேட்கிறோமல்லவா?

பிறந்த மண்ணைக் காட்டி ஒருவர் உரிமையைப் பறிக்க வருவோரை நாம் எதிர்ப்போம். அதே உறுதியோடு, அச்சத்தைக் காட்டி அவர் வீட்டில் குண்டு நிரப்பிய கருவியைத் திறந்து வைக்கச் சொல்வோரையும் எதிர்ப்போம். துப்பாக்கி, சட்டம் தந்த உரிமை. அது இருக்கும் வீட்டில் உறங்கும் உயிர்களோ அமானிதம். உரிமையை வேண்டாமென்று கைவிட்டாலும் கேட்பாரில்லை. அமானிதத்தைக் கைவிட்டவர் யாரிடம் போய் என்ன விடை சொல்வார்?